என் பெயரில் வந்த மோட்டார்

1928 மார்ச் 6, செவ்வாய்

வண்டியும் மாடுகளும் இன்று போய்விட்டன. வெலிமடை மரக்கறி வியாபாரி ஒருவர் காலையிலேயே வந்து ஓட்டிக்கொண்டு போனார். அழகையா இரண்டு மாட்டின் கழுத்தையும் தடவிக் கொடுத்துவிட்டு, "எடது பக்கத்து மாடு பாலத்தக் கண்டா நின்னுரும். அடிக்காதீங்க, பேசுனா போகும்" என்று அந்த ஆளிடம் மூன்று முறை சொன்னார். இருபது வருஷம் இந்தக் கடை வண்டியை ஓட்டியவர். வண்டி தெருவைத் தாண்டும் முன்பே உள்ளே வந்து கொட்டகையைக் கூட்ட ஆரம்பித்துவிட்டார்.

கொட்டகை வாசலை அகலமாக்க வேண்டும். அளவு எழுதிக் கொடுத்திருக்கிறான் வைரவநாதன். சித்திரைப் புத்தாண்டுக்கு முன் மோட்டார் பதுளை ஸ்டேசனில் இறங்கிவிடும் என்கிறான். இந்த வருஷம்தான் வெளியான புது மொடலாம், இலங்கையில் இன்னும் ஒன்று கூட ஓடவில்லையாம். படம் போட்ட கடதாசி ஒன்று கொடுத்தான். நான் பச்சை நிறம் கேட்டிருக்கிறேன்.

அவன் என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகன். ஊரிலிருந்து வந்த புதிதில் நாலு வருஷம் என் கையால்தான் சாப்பிட்டான். இப்போது கொழும்பு மோட்டார் கம்பெனி ஒன்றுக்குப் பதுளை ஏஜெண்டு. அவர் காலமாகி இந்த மூன்று வருஷத்தில் "மதினி, கடையை வித்துட்டு ஊருக்குப் போயிருங்க" என்று சொல்லாத ஒரே ஆள் அவன்தான்.

நமுனுகுலைத் தேயிலைத் தோட்டத்து ஆட்களின் லயங்களுக்குச் சீலையும் சட்டியும் கொண்டுபோய்த் திரும்ப வண்டிக்கு மூன்று நாள். மோட்டார் ஒரே நாளில் போய் வரும். சாமான் இல்லாத நாளில் வாடகைக்கு விடலாம். தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஐயா வேறு சொல்லி அனுப்பியிருக்கிறார் — பிரசவம் சிக்கலானால் பெண்களைப் பதுளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவர உங்கள் மோட்டார் கிடைக்குமா என்று. கிடைக்கும் என்று சொல்லிவிட்டேன்.

மோட்டார் வரும்வரை அழகையா, நமுனுகுலைத் தோட்டத்தில் தன் மகள் கருப்பம்மாவின் லயத்தில் இருப்பார். அவள் முழுகாமல் இருக்கிறாள், முதல் பிள்ளை. "ஆடிக்கு முன்னாடிம்மா. நம்ம மோட்டார்லயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்துருவோம்" என்றார் போகும்போது.

ஏப்ரல் 9, திங்கள்

வரவில்லை. கப்பல் தாமதமாம். வைரவநாதனே வந்து சொன்னான். முகம் வாடியிருந்தது, எனக்கே பாவமாகப் போய்விட்டது. "நீ என்ன பண்ணுவ தம்பி, கப்பலை நீயா ஓட்டுற?" என்றேன்.

இரும்புக்கடை ஜௌபர் நானாவும் இதே மொடலுக்குப் பதிந்திருக்கிறார். நான் சொல்லித்தான் பதிந்தார். அவரிடமும் கப்பல் கதையைச் சொன்னேன்.

ஏப்ரல் 14, சனி

புத்தாண்டு போயிற்று. அகலமாக்கிய கொட்டகையில் பக்கத்து வீட்டுக் கோழிகள்.

மே 3, வியாழன்

மோட்டாருக்கென்று நான் வரவழைத்த டிரைவர் பொன்னையா கண்டியிலிருந்து வந்து இன்றோடு மூன்று வாரம். பொழுது போகாமல் கடையில் துணி மடிக்கிறான், நன்றாகவே மடிக்கிறான். "அம்மா, மோட்டார் வர்றதுக்குள்ள நான் ஓட்ட மறந்துருவேன் போலருக்கு" என்கிறான்.

நமுனுகுலைப் பக்கம் எட்டு வாரமாகச் சரக்குப் போகவில்லை. பசறைக் கடைக்காரர்கள் நுழைந்துவிட்டார்கள் என்று கேள்வி.

இன்று வைரவநாதன் இங்கிலீஷில் ஒரு கடிதம் டைப் அடித்துக்கொண்டு வந்தான். "இனிமே சும்மா இருக்கக் கூடாது மதினி. கம்பெனிக்காரனுக்குச் சூடா எழுதியிருக்கேன். ஏன் தாமதம், எப்ப அனுப்புவீங்க, இல்லேன்னா வழக்குப் போடுவேன்னு. உங்க பேர்ல போனாத்தான் மதிப்பான்" என்றான். அவன் காட்டிய இடத்தில் தமிழில் கையெழுத்து வைத்தேன். ஏஜெண்டாக இருந்துகொண்டு தன் கம்பெனிக்கே எதிராக எழுதித் தருகிறான். யார் செய்வார்கள்? இருந்து சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன். வாழைக்காய்ப் பொரியல் அவனுக்குப் பிடிக்கும்.

மே 25, வெள்ளி

கம்பெனியிலிருந்து பதில் இல்லை. தினமும் தபால்காரனைப் பார்க்கிறேன். அவன் என் கடை முன்னால் வரும்போது வேகமாக நடக்கிறான்.

ஜூன் 12, செவ்வாய்

ஜௌபர் நானா கடைக்கு வந்தார். எப்போதும் உட்கார்ந்து பேசுகிறவர் இன்று நின்றுகொண்டே பேசினார்.

"வடிவம்மா, நான் அந்தப் பொடியனை நம்பல்ல. உங்களை நம்பித்தான் பதிஞ்சேன். அது தெரியும்தானே?"

தெரியும் என்றேன். வேறு என்ன சொல்ல. பதிந்தவர்கள் ஏழு பேராம். வக்கீல் வேலை பார்க்கும் புரொக்டர் வீட்டில், பெரிய கங்காணி வீட்டில், எல்லா இடத்திலும் இதே பேச்சாம். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு காரணம் சொல்லியிருக்கிறான் என்றார். எனக்குக் கப்பல். அவருக்குத் துறைமுகத்தில் வேலைநிறுத்தம். புரொக்டருக்கு டயர் வரவில்லை.

எல்லாமே உண்மையாகவும் இருக்கலாம் அல்லவா? மூன்றும் சேர்ந்துதான் தாமதம் ஆகியிருக்கலாம்.

ஜூன் 28, வியாழன்

பசறை ரோட்டுப் பக்கம் ஒரு புது மோட்டார் போனது. பச்சை. நான் கல்லாவிலிருந்து எழுந்து வாசலுக்கு வருவதற்குள் திரும்பிவிட்டது. பின்பக்கம்தான் தெரிந்தது. பொன்னையா, "அம்மா, அது நம்ம மொடல்தான்" என்று அடித்துச் சொல்கிறான்.

வைரவநாதனிடம் ஆள் அனுப்பிக் கேட்டேன். அது ஒரு துரை சீமையிலிருந்து நேராக வரவழைத்ததாம், நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லையாம். துரைமார் வரவழைப்பார்கள்தான்.

ஜூலை 10, செவ்வாய்

மத்தியானம் அழகையா வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து நடந்து வந்திருக்கிறார். வேட்டியெல்லாம் காய்ந்த சேறு. கல்லாவுக்கு முன்னால் நின்றுகொண்டு, "கருப்பம்மா பொழச்சுக்கிட்டா. புள்ள போயிருச்சும்மா" என்றார்.

உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து வலியாம். டிஸ்பென்சர் ஐயா பார்த்துவிட்டுப் பிள்ளை குறுக்கே கிடக்கிறது, உடனே பதுளைக்குக் கொண்டுபோங்கள் என்றிருக்கிறார். தோட்டத்து வண்டிகள் கொழுந்து ஏற்றப் போய்விட்டன. கம்பளியை மூங்கிலில் தூளி கட்டி நாலு பேர் மாற்றி மாற்றித் தூக்கியிருக்கிறார்கள். மழை. பசறைக்கு வந்த பிறகுதான் ஒரு லொறி நின்றிருக்கிறது. ஆஸ்பத்திரியில் பிள்ளையை எடுத்தபோது உயிர் இல்லை. ஆண் பிள்ளை.

"பங்களா வாசல்ல ஒரு மோட்டார் நின்னுச்சும்மா. புதுசு. அதத் தாண்டித்தான் தூக்கிட்டு வந்தோம். தொரைகிட்ட போயி கேக்கலாமான்னு மருமகன் கேட்டான். எனக்குத் தைரியம் வரல."

பிறகு சொன்னார்: "நம்ம வண்டி இருந்திருந்தா மெதுவாவாச்சும் வந்திருக்கலாம்."

குற்றமாகச் சொல்லவில்லை. மாட்டைப் பற்றிப் பேசுகிற மாதிரிதான் சொன்னார்.

ஜூலை 11, புதன்

வண்டியை விற்றது நான். நான்தான் விற்றேன். யாரும் கழுத்தைப் பிடித்து விற்கச் சொல்லவில்லை. மோட்டார் வந்து நிற்கட்டும், அப்புறம் மாட்டைக் கொடுக்கலாம்னு ஒரு புத்தி ஏன் எனக்கு வரல? கொட்டகை ஒன்றுதான், இடம் வேணும்னு அவன் சொன்னான். சொன்னா? நான் கேக்கணுமா?

ஆஸ்பத்திரிக்குப் போய்க் கருப்பம்மாவைப் பார்த்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கொண்டுபோன பாலை நர்ஸ் வாங்கி வைத்தாள்.

ஜூலை 20, வெள்ளி

வைரவநாதன் வந்தான். அழகையா வீட்டுக் காரியம் கேள்விப்பட்டேன், கஷ்டமாக இருக்கிறது என்றான். மோட்டார் எங்கே என்று கேட்டேன். "இப்ப ஆடி பொறந்துருச்சே மதினி. ஆடியில யாரு புதுசு எடுப்பா? ஆவணி மொத தேதி நல்ல நாள், அன்னைக்கு வாசல்ல நிக்கும்" என்றான்.

சித்திரை போனது, வைகாசி போனது, ஆனி போனது. இப்போது ஆடியையும் துணைக்குக் கூப்பிடுகிறான். பேசும்போது என் முகத்தைப் பார்க்காமல் அலமாரியில் இருந்த சீலைகளைப் பார்த்தான். அவன் போனதும் ரயில் நேரம் விசாரித்து வரப் பொன்னையாவை ஸ்டேசனுக்கு அனுப்பினேன்.

கொழும்புக்குப் போகப் போகிறேன். அவனிடம் சொல்லவில்லை. பொன்னையா கூட வருவான்.

ஜூலை 24, செவ்வாய், கொழும்பு

நேற்று ஒரு நாள் முழுக்க ரயில். செட்டியார் தெருவில் தெரிந்தவர்கள் வீட்டில் தங்கினோம். காலை பத்து மணிக்குக் கம்பெனிக் கந்தோருக்குப் போனோம். கண்ணாடிக்குப் பின்னால் புது மொடல் மூன்று நிற்கிறது. கப்பலாம், வேலைநிறுத்தமாம், டயராம்.

யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் ஒருவர் மரியாதையாக நாற்காலி கொடுத்தார். பெயரைச் சொன்னேன். பெரிய புத்தகத்தைப் புரட்டினார், ஃபைல் எடுத்து வந்தார். இரண்டு முறை படித்தார்.

"அம்மா, உங்கட பேரில ஒரு கார் மே மாசம் இருபத்திரெண்டாந் தேதி ரயிலில பதுளைக்கு அனுப்பியாச்சே. பச்சை. ஏஜெண்டு கையெழுத்து வைச்சு எடுத்திருக்கிறார்."

எனக்கு வரவில்லை என்றேன்.

"உங்களுக்கு வராது. நீங்கள்தானே விட்டுக் கொடுத்தனீங்கள்."

ஒரு கடிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். இங்கிலீஷ் டைப். அடியில் என் கையெழுத்து, தமிழில், வடிவம்மா என்று. மே மூன்றாந் தேதி. கம்பெனியைச் சூடாகக் கேட்கும் கடிதம் என்று அவன் சொன்ன அதே கடதாசி. ஐயா, இதில் என்ன இருக்கிறது, வாசித்துச் சொல்லுங்கள் என்றேன். அவர் மெதுவாகத் தமிழில் சொன்னார். எனக்கு இப்போது மோட்டார் அவசரம் இல்லை. என் முறைக்கு வரும் காரை நமுனுகுலையில் உள்ள இன்ன தோட்டத்துத் துரைக்குக் கொடுப்பதில் எனக்கு முழுச் சம்மதம். அடுத்த வருஷம் வரை காத்திருக்கிறேன்.

இன்ன தோட்டம். கருப்பம்மா வேலை செய்யும் தோட்டம்.

பங்களா வாசலில் நின்றது என் மோட்டார்.

நான் அழவில்லை. கிளாக்கர் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். இதே மாதிரி பதுளையிலிருந்து வேறு கடிதம் வந்திருக்கிறதா என்று கேட்டேன். அவர் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு ஃபைலை மூடாமல் மேசை மேல் வைத்துவிட்டு எழுந்து போனார். எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது, ஆனால் ஜௌபர் நானாவின் அரபுக் கையெழுத்து எனக்குத் தெரியும். அவர் சிட்டையில் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்.

ஜூலை 26, வியாழன்

பதுளை. வைரவநாதனை வரச் சொன்னேன், வந்தான். கொழும்புக்குப் போய்வந்தேன், கடிதத்தைப் பார்த்தேன் என்றேன்.

அவன் முதலில் கேட்டது: "ஜௌபர் நானாகிட்ட சொல்லிட்டீங்களா?"

இன்னும் இல்லை என்றேன். மூச்சு விட்டான். அந்த மூச்சை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.

பிறகு பேசினான், நிறையப் பேசினான். "தொர நேரா வந்து கேட்டா நான் எப்படி மதினி இல்லேன்னு சொல்ல முடியும்? அந்தத் தோட்டத்துக்கு லொறி எடுக்கப் போறாங்க, நாலு லொறி. அந்த ஓடர் கெடச்சா நான் நிமிந்துருவேன். வெளியாள்கிட்ட கேட்டா சண்டைக்கு வருவான். நீங்க வீட்டு மனுசி. நீங்க பொறுத்துக்குவீங்கன்னு நெனச்சேன்."

"பொறுத்துக்குவேன்னு நெனச்சியா, எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு நெனச்சியா?"

டம்ளரில் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தான்.

"அன்னைக்கு வாழைக்காப் பொரியல் வச்சுச் சோறு போட்டேன். கையெழுத்து வாங்குன கையோட உக்காந்து சாப்பிட்ட. எப்படி எறங்குச்சு?"

கருப்பம்மாவின் பிள்ளையைப் பற்றிச் சொன்னேன். தூளியில் அவளை எந்த மோட்டாரைத் தாண்டித் தூக்கிப் போனார்கள் என்று சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டான். "அதுக்கு நான் எப்படிப் பொறுப்பு மதினி?" என்றான், ரொம்ப மெல்ல.

அதைத்தான் நானும் பதினைந்து நாளாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவனுக்கு நான் என்ன பதில் சொல்ல. போகச் சொன்னேன். அவன் போன பிறகு அவன் குடித்த டம்ளரைக் கழுவப் போடாமல் குப்பையில் போட்டேன். பித்தளை டம்ளர். பொன்னையா எடுத்து வந்து மேசையில் வைத்தான். மறுபடியும் போட்டேன்.

ஆகஸ்ட் 5, ஞாயிறு

ஜௌபர் நானா கடையின் பின்கட்டில் ஏழு பேரில் ஆறு பேர் கூடினோம். நான் ஒருத்திதான் பெண். பெரிய கங்காணி ஆரம்பத்தில் என் பக்கம் பார்க்கவே இல்லை. நானும் அவனும் கூட்டு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

எழுந்து நின்று எல்லாம் சொன்னேன். கையெழுத்து, துரை, மே இருபத்திரெண்டு. அவனை நம்பும்படி உங்களிடம் நானும் சொன்னேன், அது என் பிழை என்றும் சொன்னேன். புரொக்டர், "யார் யார் அவன் கொண்டுவந்த கடிதத்தில் கையெழுத்து வைத்தீர்கள்?" என்று கேட்டார். நாலு பேர். நாலு பேரும் வழக்குப் போடுவதாக மிரட்டும் கடிதம் என்றுதான் நினைத்திருக்கிறார்கள். ஜௌபர் நானாவின் கார் பண்டாரவளையில் ஓடுகிறதாம்.

புரொக்டர் கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்து வைத்தேன். இரண்டாம் தரமும் கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை.

வெளியே வரும்போது ஜௌபர் நானா, "நம்ம ரெண்டு பேரையும்தான் அவன் நல்லா அளந்து வச்சிருக்கான், வடிவம்மா" என்றார். மார்ச் மாதத்துக் குரல் இல்லை. ஆனாலும் ஜூன் மாதத்துக் குரலும் இல்லை.

ஆகஸ்ட் 14, செவ்வாய்

வாடகை வண்டி பிடித்து நமுனுகுலைக்குப் போனேன். நேற்றுப் புறப்பட்டு இன்று மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். சொல்லாமல் இருந்துவிடலாம் என்று வழியெல்லாம் நினைத்தேன். சொல்வதால் யாருக்கு என்ன? செத்த பிள்ளை வருமா?

அழகையா லயத்து வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். பங்களாவில் நிற்கும் மோட்டார் யாருடையது என்று சொன்னேன். கையெழுத்துக் கதையையும் சொன்னேன்.

கோடரியைக் கீழே வைத்தார்.

"அப்ப அது நம்ம மோட்டாரா?" என்றார்.

நம்ம என்றார்.

உள்ளே கருப்பம்மா என்னவோ பாத்திரத்தை வைக்கும் சத்தம் கேட்டது. கேட்டுக்கொண்டிருந்தாளா, தெரியாது. புது மாடும் வண்டியும் வாங்கித் தருகிறேன், உங்கள் பெயரிலேயே, என்றேன். பிளந்த விறகை அடுக்கிக்கொண்டே, "வேணாம்மா. ரோட்டு வேலைக்குப் பேர் குடுத்திருக்கேன்" என்றார். வண்டிவரை வந்து வழியனுப்பினார். மாட்டின் நுகக்கயிறு இறுகியிருக்கிறது என்று சொல்லித் தளர்த்திவிட்டார்.

செப்டம்பர் 18, செவ்வாய்

கம்பெனியிலிருந்து கடிதம். புரொக்டர் வாசித்துச் சொன்னார். விசாரித்தார்களாம், வருந்துகிறார்களாம். வைரவநாதனை ஏஜெண்டு வேலையிலிருந்து நீக்கிவிட்டார்களாம். பதிந்தவர்களுக்கு அடுத்த கப்பலில் வரும் கார்களை நேராக அனுப்புவார்களாம். துரைக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்க முடியாது, உங்கள் சம்மதக் கடிதம் இருக்கிறது, என்றும் ஒரு வரி. மன்னிப்புக் கேட்கிற கடிதத்திலும் அந்த வரியை விடவில்லை.

செப்டம்பர் 23, ஞாயிறு

வைரவநாதன் மனைவி கனகம் கோயிலில் என்னைப் பார்த்தாள். நான் ஒதுங்கவில்லை. அவள்தான் ஒதுங்கினாள். அவளுக்கு இதில் எதுவும் தெரிந்திருக்காது. கல்யாணமாகி வந்தபோது அவளுக்கு ஆலம் சுற்றியவள் நான். கூப்பிடலாமா என்று நினைத்தேன். கூப்பிடவில்லை.

அக்டோபர் 9, செவ்வாய்

மோட்டார் வந்துவிட்டது. கறுப்பு. பச்சை தீர்ந்துவிட்டதாம்.

ஸ்டேசனுக்கு நானே போனேன். ஒவ்வொரு கடதாசியையும் ஸ்டேசன் கிளாக்கரை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள், முணுமுணுக்கட்டும். பொன்னையா ஆசனத்தில் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் தடவிப் பார்த்தான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்டார்ட் பண்ணினான்.

தெருவே வாசலில் நின்று பார்த்தது. இந்த நாளை நான் மார்ச்சிலிருந்து எத்தனை விதமாக நினைத்து வைத்திருந்தேன். கொட்டகைக்குள் போனதும் கதவைச் சாத்திவிட்டுக் கடைக்கு வந்து சீலை விற்றேன்.

நவம்பர் 3, சனி

ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலிருந்து ஒரு பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். பெண் பிள்ளை. இருவரும் சுகம். இப்படி ஏற்றிவந்தது இது மூன்றாவது தடவை. பின் ஆசனத்தில் ரத்தக் கறை, பொன்னையா தேய்த்துத் தேய்த்துக் கழுவினான்.

வைரவநாதன் குடும்பத்தோடு ஊருக்குப் போய்விட்டானாம். கடையில் யாரோ சொன்னார்கள். கேட்டுக்கொண்டே ஆறு முழம் அளந்து கிழித்தேன். அளவு சரியாகத்தான் இருந்தது.

டிசம்பர் 4, செவ்வாய்

நமுனுகுலைக்குச் சரக்கோடு நானும் போனேன். பழைய ஆட்கள் பாதிப் பேர் பசறைக் கடைக்குப் பழகிவிட்டார்கள். மீதிப் பேர் வாங்கினார்கள். கருப்பம்மா லயத்துக் கதவு சாத்தியிருந்தது. கொழுந்துக்குப் போயிருப்பாள்.

திரும்பும்போது பசறைக்கு இந்தப் பக்கம் ரோட்டு வேலை. பத்துப் பன்னிரண்டு பேர் கல் உடைத்துக்கொண்டிருந்தார்கள். பொன்னையா ஹாரன் அடித்ததும் எல்லோரும் எழுந்து ஓரத்தில் ஒதுங்கினார்கள். கடைசியில் நின்றவர் அழகையா. மெலிந்திருந்தார். மற்றவர்களைப் போலவே தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, எந்தத் துரை மோட்டாருக்கும் கும்பிடுகிற மாதிரி கும்பிட்டார். உள்ளே யார் என்று நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அம்மா, நம்ம அழகையா. நிறுத்தவா?" என்று பொன்னையா கேட்டான்.

நான் வாய் திறப்பதற்குள் வளைவு வந்துவிட்டது.